சில வேளைகளில் மட்டும் திக்கும் தொடுபலகை

தண்ணீர்ப் பம்பி அடியோடு நின்றுவிட்டால் பழுதைக் கண்டுபிடிப்பது இலகு. காலையில் நன்றாக இறைத்துவிட்டு மாலையில் மட்டும் காற்று இழுக்கும் பம்பிதான் கமக்காரரை அலைக்கழிக்கும். திருத்துபவரிடம் கொண்டுபோனால் அங்கே அது ஒழுங்காக இறைக்கும்; தோட்டத்துக்குத் திரும்பியதும் பழைய கதைதான். அனுபவமுள்ளவர் அதற்காகப் புதுப் பம்பி வாங்க ஓடமாட்டார். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இறங்கும்போது இப்படி நடக்கிறது, குழாயின் எந்த மூட்டில் காற்றுப் புகுகிறது என்று பார்ப்பார். மடிக்கணனியின் தொடுபலகையையும் இதே விதமாகத்தான் பார்க்கவேண்டும்.

பிள்ளைகள் ரச்பாட் என்று சொல்லும், எழுத்து விசைகளுக்குக் கீழே விரலால் தடவும் பலகையையே இங்கு குறிப்பிடுகிறோம். சில வேளை திரையிலுள்ள அம்புக்குறி விரலோடு சேர்ந்து ஓடும். சில வேளை பிந்தி வரும், நின்று நின்று நகரும், அல்லது தானாகத் துள்ளும்.

சொந்தக் காணிக்கு இன்னும் திரும்பாத குடும்பங்களின் கமக்காரர் சங்கம் ஒன்றின் செயலாளர், உறுப்பினர்களின் காணி விபரங்களைக் கணனியில் பதிந்துகொண்டிருந்தார். யாருடைய காணி, எத்தனை பரப்பு, உறுதி கையில் இருக்கிறதா, தொலைந்துவிட்டதா என்ற பட்டியல் அது. அம்புக்குறி துள்ளியதால் ஒருவருடைய பரப்பு மற்றவருடைய வரிசையில் விழுந்துவிட்டது. அதைக் கவனியாமல் அச்சடித்திருந்தால் என்னென்ன வழக்குகள் வந்திருக்குமோ! ஒரு கடையில் காட்டியபோது பலகையையே மாற்றவேண்டும் என்று பெருந்தொகை கேட்டார்கள். நானும் அந்த மடிக்கணனியை வாங்கி, பலகையை இயக்கும் மென்பொருளை இணையத்தில் தேடி இறக்கிப் புதுப்பித்தேன். டேற்றா முடிந்ததே ஒழியப் பயன் இல்லை.

பிறகு அவரே ஒன்றைச் சொன்னார். "பாதர், எங்கட வீட்டில வைச்சு அடிக்கேக்கதான் இது இப்பிடிச் செய்யுது. இஞ்ச கொண்டு வந்தால் ஒண்டும் இல்லை." அந்தச் சொல்லை நான் முதலிலேயே கேட்டிருக்கவேண்டும். ஒரு கொப்பியில் நான்கு நாட்கள் குறித்து வரும்படி கேட்டேன். எத்தனை மணிக்குத் திக்கியது, எந்த இடத்தில், சார்ஜர் குத்தியிருந்ததா இல்லையா என்பவைதான் குறிப்புகள். ஐந்தாம் நாள் கொப்பியைப் பார்த்தபோது, திக்கிய ஒவ்வொரு வேளையிலும் சார்ஜர் குத்தியிருந்தது. பற்றரியில் மட்டும் ஓடிய வேளைகளில் ஒரு தடவைகூடத் திக்கவில்லை.

காரணத்தை விளங்கிக்கொள்ள, தொடுபலகை எப்படி வேலை செய்கிறது என்பதை அறியவேண்டும். 1994இல் அப்பிள் நிறுவனத்தின் பவர்புக் 500 வரிசையில் வந்த பலகையும் இன்றைய பலகைகளும் ஒரே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. பலகையின் மேற்பரப்புக்குக் கீழே மெல்லிய மின்கடத்திகள் பாய் பின்னியதுபோல் குறுக்கும் நெடுக்குமாக இருக்கின்றன. அவற்றில் மிகச் சிறிதளவு மின்னேற்றம் உண்டு. நமது உடம்பு மின்னைக் கடத்துவதால், விரல் கிட்டியதும் அந்த இடத்தின் மின்னேற்றம் சற்று மாறும். உள்ளேயுள்ள சிறு சில்லு ஒரு செக்கனில் ஏறத்தாழ நூறு தடவை இந்த மாற்றத்தை அளந்து, விரல் எங்கே நிற்கிறது என்று கணக்கிடுகிறது. அது அளப்பது அவ்வளவு நுண்ணிய மாற்றம் என்பதால், வெளியிலிருந்து மின் இரைச்சல் கலந்தால் எது விரல், எது இரைச்சல் என்று அதற்குத் தெரியாமல் போகிறது.

நமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ற் மின்சாரம். மூன்று கால் பிளக் உள்ள சார்ஜரில், மூன்றாவது கால் நிலத்துக்குப் போகும் ஏர்த் கம்பியோடு தொடுக்கப்படும். இரைச்சலை அது இழுத்துக்கொண்டு போய்விடும். ஏர்த் இல்லாவிட்டால் இரைச்சல் மடிக்கணனியின் உடலிலேயே தங்கி, நமது விரல் மூலம் பலகைக்கும் வரும். செயலாளரின் தற்காலிக வீட்டுக்குப் பக்கத்து வளவிலிருந்து இழுத்திருந்தது இரண்டு கம்பி மட்டுமுள்ள எக்ஸ்ரென்சன் வயர். சார்ஜரின் மூன்றாம் கால் அங்கே வெறுமனே நின்றது. உலோக மூடியுள்ள கணனியைச் சார்ஜ் ஏறும்போது புறங்கையால் மெல்லத் தடவினால் மெலிதாகக் கூசுவதுபோல் இருக்கும். அதுவும் இதன் அடையாளமே. கூச்சமாக இல்லாமல் அடிப்பதுபோல் இருந்தால் உடனே சுவரிலுள்ள சுவிச்சை நிறுத்தி, மின்சார வேலை தெரிந்தவரைக் கொண்டு பார்ப்பியுங்கள்.

ஏர்த் உள்ள மூன்று கம்பி வயரை முறையாகப் போடுவிப்பதே சரியான பரிகாரம். அது முடியும்வரை சார்ஜரை முதலில் குத்திப் பற்றரியை நிரப்பி, கழற்றிவிட்டு வேலை செய்யலாம். இன்னொன்றும் சொல்லவேண்டும். சதுரக் கால் பிளக் பொயின்றின் மேல் துவாரத்தில் பேனை மூடியையோ ஈர்க்குக் கட்டையோ செருகி, இரண்டு கால் பிளக்கைக் குத்தும் பழக்கம் எங்கும் இருக்கிறது. குழந்தைகள் கை வைக்காதபடி துவாரங்களை மூடியிருக்கும் தடுப்பைத்தான் இப்படித் திறக்கிறோம். தயவுசெய்து இதைக் கைவிடுங்கள். மலிவான போலிச் சார்ஜர்கள், ஏர்த் இருந்தாலும் இரைச்சல் தரக்கூடியவை. அயலில் இருக்கும் அதே வகைச் சார்ஜரை, அதே வோல்ற் அளவா என்று பார்த்து, ஒரு மணி நேரம் இரவல் வாங்கிப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

சார்ஜர் இல்லாமலும் திக்கினால், வயருள்ள மௌஸ் ஒன்றைத் தொடுத்துப் பாருங்கள். மௌஸும் திக்கினால் பலகையில் பழுதில்லை. கணனிக்கு வேலை மிஞ்சிவிட்டது. கொன்ரோல், ஷிப்ற், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் விண்டோஸில் ஒரு பட்டியல் தோன்றும். அதில் டிஸ்க் அல்லது சீபீயூ நூறு வீதத்தை நெருங்கி நிற்குமானால், பெரும்பாலும் ஏதோ ஒன்று பின்னணியில் இறங்கிக்கொண்டிருக்கும். அது முடியும்வரை பொறுத்திருங்கள்.

மௌஸ் நன்றாக ஓடிப் பலகை மட்டும் திக்கினால், எப்போது என்று மறுபடியும் கவனியுங்கள். எழுத்து அடித்து முடித்த கையோடு மட்டும் ஒரு கணம் அசையாமல் நின்றால் அது பழுதல்ல. அடிக்கும்போது உள்ளங்கை பட்டு அம்புக்குறி ஓடாதிருக்கவே அப்படிச் செய்திருக்கிறார்கள். விண்டோஸின் செற்றிங்ஸில் ரச்பாட் என்ற பகுதியில் உணர்திறனைக் கூட்டினால் அந்தத் தாமதம் குறையும். சற்று நேரம் தொடாமல் விட்டபின் முதல் தடவலில் மட்டும் பிந்தினால், மின்சேமிப்புக்காகக் கணனி பலகையை உறங்க வைக்கிறது என்று கொள்ளலாம். விபரம் தெரிந்த பிள்ளை ஒருவர் டிவைஸ் மனேஜரில் அதை நிறுத்திவிடுவார். எல்லாக் கணனிகளிலும் அந்த வசதி காட்டப்படுவதில்லை.

மகளுக்கு ஓடுகிற பலகை தகப்பனுக்கு ஓடாத வீடுகளும் உண்டு. மண்வெட்டி பிடித்துக் காய்த்து, வரண்டுபோன விரல் நுனியைப் பலகை சரியாக உணர்வதில்லை. கணனி தெரியாதவர் என்று அவரைச் சிரிக்கவேண்டாம். விரலின் பக்கவாட்டால் தடவச் சொல்லுங்கள். ஈர விரலும் வியர்வையும் இதற்கு எதிர்மாறான தொல்லை தரும். பலகையைக் காய்ந்த துணியால் துடைத்தாலே போதும்.

கடைசியாகச் சொல்வதுதான் ஆபத்தானது. பல மடிக்கணனிகளில் பலகைக்குக் கீழே அல்லது அதை ஒட்டி லித்தியம் பற்றரி இருக்கிறது. தகரக் கூரையின் வெக்கையில் நாள் முழுவதும் சார்ஜில் கிடந்தால் அது விரைவில் நலிந்து, சில வேளை வீங்கிவிடும். வீங்கிய பற்றரி பலகையைக் கீழிருந்து தள்ளும். பலகையின் ஓரம் மேலெழும்பி நிற்கிறதா, அழுத்தினால் முன்போல் கிளிக் என்கிறதா, சமமான மேசையில் வைத்தால் கணனி ஆடுகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் சார்ஜரைக் கழற்றி, கணனியை நிறுத்தி, வைக்கோலோ கிடுகோ இல்லாத சீமெந்து நிலத்தில் வையுங்கள். பலகையை அமர்த்திச் சமன் செய்ய முயலவேண்டாம். பற்றரியைக் குத்தவோ, குப்பையோடு சேர்த்து எரிக்கவோ கூடாது. அது தீப்பற்றி வெடிக்கும். திருத்துபவரிடம் கொடுத்து மாற்றுவித்து, பழையதை அவரிடமே விட்டுவிடுங்கள். பல வேளைகளில் பற்றரி மாறியதுமே, பழுதென்று நினைத்த பலகை தன் இடத்தில் அமர்ந்து ஒழுங்காக ஓடும்.