கேபிள் அறுந்தாலும் வழி

ஆம்பூர் தோல் ஆலை, வேலூர் அலுவலகம், ராணிப்பேட்டை கிடங்கு மூன்றிலும் ரவுட்டர் உண்டு. வழிகளைக் கையால் பதிந்துள்ளோம். ஒரு கேபிள் அறுந்தாலும் வேலை நிற்கிறதே?
– வாசகர், ஆம்பூர்

ஓஎஸ்பிஎஃப் என்னும் இணைப்புநிலை முறையில், ஒவ்வொரு ரவுட்டரும் தன் இணைப்புகளையும் அவற்றின் செலவு மதிப்பையும் மற்றவற்றுக்கு அறிவிப்பதால், மூன்றும் ஒரே வரைபடத்தைப் பெற்று, கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட கணக்குமுறைப்படி செலவு குறைந்த வழியைத் தாமே தேர்கின்றன; ஒரு கேபிள் அறுந்தால், மீதமுள்ள இணைப்புகளில் வழியை மீண்டும் கணக்கிடுகின்றன. சிஸ்கோ ரவுட்டரானால், 'ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப் 1' என்ற கட்டளையின்கீழ் வலையமைப்புகளை 'ஏரியா 0'வில் சேர்க்க வேண்டும். கையால் பதிந்த வழியின் முன்னுரிமை எண் 1, ஓஎஸ்பிஎஃப் வழியின் முன்னுரிமை எண் 110; சிறிய எண்ணே முந்தும் என்பதால், பழைய பதிவுகளை நீக்குவது கட்டாயம். மூன்று ஊர்களும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியவை. ஆகவே மாற்று வழிக்கான ஆம்பூர்–ராணிப்பேட்டை இணைப்பு, மற்ற கேபிள்கள் செல்லும் அதே சாலையோரக் குழிவழியே வராதபடி பார்த்துக்கொள்ளவும்.