ரத்தம் ஊறாத நோயல்ல இது

நாய்க்கு ரத்தம் குறைந்திருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்றே வீட்டில் பீட்ரூட் வேகத் தொடங்கிவிடும். பேரீச்சம்பழம் வரும், ஆட்டு ஈரல் வரும், மெடிக்கல் ஷாப்பிலிருந்து இரும்புச்சத்து டானிக்கும் வரும். ரத்தசோகை என்றால் சத்துக்குறைவு என்பது நம் வீடுகளில் ஊறிப்போன கணக்கு. மனிதர்கள் விஷயத்தில் பல நேரம் அது சரியாகவும் இருக்கிறது. தன்னெதிர்ப்பு ரத்தசோகை வந்த நாயிடம் அந்தக் கணக்கு செல்லாது.

இங்கே பிரச்சினை ரத்தம் ஊறாததில் இல்லை. ஊறியதை உடம்பே உடைத்துப் போடுவதில் இருக்கிறது. கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி, சொந்தச் சிவப்பணுவையே எதிரி என்று நினைத்து அழிக்கிறது. சாதாரணமாக 100 நாளுக்கு மேல் வாழும் சிவப்பணு சில நாட்களிலேயே காலி. ஈறு வெளுக்கிறது, பிறகு மஞ்சள் பூக்கிறது, மூத்திரம் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் போகிறது. சந்தேகம் வந்தால் டாக்டர் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தத்தோடு உப்பு நீரைக் கலந்து, வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பார்ப்பார். சீராகப் பரவ வேண்டிய ரத்தம் பல நாய்களில் திட்டுத் திட்டாக ஒட்டி நிற்கும். உடைந்த அணுக்களின் இரும்பை உடம்பு பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்வதால் இரும்புக்குத் தட்டுப்பாடு இருப்பதில்லை. டாக்டர் எழுதாத டானிக்கால் வயிறு கெடுவதுதான் மிச்சம். இன்னொரு தொல்லையும் உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

சாப்பாட்டில் எதைச் சேர்ப்பது என்று கேட்பவர்கள் எதை நிறுத்துவது என்று கேட்பது அபூர்வம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுவை உடைக்கக்கூடியவை. வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. சாம்பாரில் கரைந்துபோன சின்ன வெங்காயமும் கணக்கில் உண்டு. ஏற்கெனவே அணுக்கள் உடைந்துகொண்டிருக்கும் நாய்க்கு மிச்சமான குழம்புச் சோற்றை வைக்கவே கூடாது.

“எல்லாம் டிக் ஃபீவர்தான், ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும்” என்பது அடுத்த நம்பிக்கை. இதில் பாதி உண்மை. உண்ணி கடித்துப் பரவும் பபீசியா என்ற ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள்ளேயே குடியேறி, எதிர்ப்புச் சக்தியை நாயின் உடம்பின் மீதே திருப்பிவிடக்கூடியது. நம் ஊரில் அதைத் தேடாமல் இருக்க முடியாது. தூண்டிவிட்ட காரணம் கிடைத்தால் அதற்கு மருந்து கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் எந்தக் காரணமும் அகப்படாமலே இந்த நோய் வருவதும் உண்டு. காக்கர் ஸ்பேனியல் மாதிரி சில இனங்களில் கூடுதலாகவே வருகிறது. அப்போது எதிர்ப்புச் சக்தியை அடக்குவதுதான் வைத்தியம்.

அடக்கும் மருந்து என்றால் முதலில் பிரெட்னிசலோன். பெயரைக் கேட்டதுமே வீட்டில் ஒருவர், “ஸ்டீராய்டா? உடம்பையே கெடுத்துவிடுமே” என்பார். அளவைப் பார்த்தால் பயம் இன்னும் ஏறும். தொடக்கத்தில் நாயின் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் அளவில் கொடுப்பது வழக்கம். 20 கிலோ நாய்க்கு நாளுக்கு 40 மில்லிகிராம். பெரிய நாய்களுக்குக் கணக்கு மாறும். மாத்திரை தொடங்கிய சில நாளில் நாய் தண்ணீர்ச் சட்டியைக் காலி செய்துகொண்டே இருக்கும். ராத்திரி இரண்டு முறை கதவைத் திறக்க வேண்டும், அப்படியும் கூடத்தில் மூத்திரம் போய்விடும். சாப்பிட்டு முடித்த கையோடு குப்பைத்தொட்டியை உருட்டும். சும்மா படுத்திருக்கும்போதும் மூச்சிரைக்கும். போகப்போக தொடைச் சதை கரையும், வயிறு தொங்கும், முடி மெலியும்.

இதையெல்லாம் நோய் முற்றியதாக எண்ணி, வீட்டார் தாங்களாகவே மாத்திரையை நிறுத்துவதுதான் நான் பார்த்ததில் மிகப் பெரிய ஆபத்து. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருக்கும்போது உடம்பின் சொந்தச் சுரப்பு ஓய்வெடுக்கப் போய்விடும். திடீரென்று நிறுத்தினால் நாய் சுருண்டு விழலாம். நோயும் முழு வேகத்தில் திரும்பலாம். அதற்கு அடுத்த தப்பு தண்ணீரைக் குறைப்பது. நாய் நிறையக் குடிப்பதால் மூத்திரம் கூடவில்லை. மூத்திரம் கூடுவதால்தான் அது குடிக்கிறது. ராத்திரி சட்டியை எடுத்து மறைத்தால் தரை காயாது, நாய்தான் காயும். பழைய பெட்ஷீட் விரியுங்கள், படுக்கப்போகும் முன் ஒரு முறை கூடுதலாக வெளியே கூட்டிப் போங்கள். பசிக்கு எல்லை வைக்கலாம்: ஒரு நாள் சாப்பாட்டைக் கூட்டாமல் மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுங்கள்.

எதிர்பார்த்த தொந்தரவு எது, டாக்டரிடம் ஓட வேண்டியது எது என்று பிரித்துப் பார்க்கக் கற்றால் போதும், பாதி பயம் போய்விடும். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசிகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். இரும்பு டானிக்கும் மலத்தைக் கறுக்கவைக்கும் என்பதால், அதைக் கொடுத்த வீட்டில் இந்த எச்சரிக்கையே குழம்பிப்போகும். மேலே சொன்ன தொல்லை இதுதான். அசந்து தூங்கும்போதும் மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டி ஓடுவது, ஈறு மறுபடி வெளுப்பது, பசியெடுத்து அலைந்த நாய் சோற்றை முகராமல் போவது, பின்னங்கால் திடீரென்று சில்லிட்டு இழுபடுவது, இவை எதற்கும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. ராஜபாளையம் நாய் என்றால் உதட்டைத் தூக்கியதும் ஈறின் நிறம் தெரிந்துவிடும். ஈறு கறுத்த நாய்களுக்குக் கீழ் இமையை இறக்கி உள்பக்கம் பாருங்கள்.

பின்னங்கால் சில்லிடுவதற்கும் அடுத்த நம்பிக்கைக்கும் தொடர்பு இருக்கிறது. “ரத்தமே இல்லாத நாய்க்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையா?” கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்த நோயில் உயிரைப் பறிப்பது ரத்தக்குறைவு மட்டும் இல்லை. ரத்தக்குழாய்க்குள் ரத்தம் கட்டியாக உறைந்து, முக்கியமாக நுரையீரலுக்கும், சில நேரம் பின்னங்காலுக்கும் போய் அடைப்பதும்தான். இறப்புகளில் பெரும்பகுதி முதல் இரண்டு வாரத்தில் நடக்கிறது. குளோபிடோகிரெல் போன்ற மாத்திரையை டாக்டர் எழுதுவது அதற்காகத்தான். அதே சாக்கில் கால்வலிக்கு வாங்கி வைத்த மெலாக்சிகாமை நீங்களே கொடுத்துவிடாதீர்கள். ஸ்டீராய்டோடு வலி மாத்திரை சேர்ந்தால் குடலில் ஓட்டை விழும் அளவுக்குப் போகும்.

“மனுஷ மருந்தை நாய்க்குக் கொடுக்கிறார்கள்” என்று, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான அசதியோப்ரினைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். வரலாறு நேர்மாறானது. கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கிய மருந்து அது. 1988-இல் நோபல் பரிசு பெற்றவர்கள். 1960-களின் தொடக்கத்தில் ராய் கான் என்ற அறுவை மருத்துவர் பாஸ்டனில் நாய்களுக்குச் சிறுநீரகம் மாற்றி வைத்து அதைச் சோதித்தார். லாலிபாப் என்ற நாய் அப்படிப் பிழைத்துப் பெயர் வாங்கியது. மனித நோயாளிகள் அதன் பிறகுதான் வந்தார்கள். கடன் பட்டிருப்பது நாம்.

அந்த மருந்தில் எச்சரிக்கை வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. கல்லீரலையும் எலும்பு மஜ்ஜையையும் அது பாதிக்கக்கூடும்; முதல் சில வாரங்களில் ரத்த டெஸ்டைத் தவறவிடக் கூடாது. மாத்திரையை நசுக்காதீர்கள், உடைக்காதீர்கள், கையுறை போட்டு எடுங்கள். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். வீட்டில் பூனை இருந்தால் அதற்கு எட்டாமல் வையுங்கள்; பூனைக்கு அது விஷம் மாதிரி.

ரத்தம் ஏற்றினால் தீர்ந்தது என்பார் ஒருவர், ஏற்றினால் நாய் செத்துவிடும் என்பார் இன்னொருவர். இரண்டும் இல்லை. ஏற்றிய அணுக்களையும் எதிர்ப்புச் சக்தி உடைக்கத்தான் பார்க்கும். ஆனால் மருந்து வேலை செய்யும் வரை நாய் தாக்குப்பிடிக்க அந்த அவகாசம் பல நேரம் கட்டாயம் தேவைப்படுகிறது. ஒரு முறை ஏற்றியிருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அடுத்த முறை பொருத்தம் பார்க்காமல் ஏற்றக் கூடாது.

கடைசியாக, “இனி ஆயுசுக்கும் மாத்திரைதான்” என்ற விரக்தி. சில நாய்களுக்கு நோய் திரும்புகிறது, உண்மைதான். ஆனால் ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு, அதாவது டாக்டர் சொல்லும் பி.சி.வி., 30 சதவீதத்துக்கு மேல் ஏறி இரண்டு வாரம் நிலைத்தால் ஸ்டீராய்டைக் குறைக்கத் தொடங்குவார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை சுமார் கால் பங்கு குறைப்பது ஒரு வழக்கம். மொத்த சிகிச்சை நான்கு முதல் எட்டு மாதம் வரை போகலாம். அளவு இறங்க இறங்கத் தாகமும் பசியும் தணியும், கரைந்த சதை மெல்லத் திரும்பும். குறைக்கும் ஒவ்வொரு படிக்கும் முன்னால் பி.சி.வி. பார்க்க வேண்டும். நாய் வாலாட்டி ஓடிவருகிறதே என்று அந்த ஒரு டெஸ்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அணுக்கள் குறையத் தொடங்கிய பிறகும் அது சில நாள் வாலாட்டிக்கொண்டுதான் இருக்கும்.