தொலைவிலிருந்து கருவிகளை இயக்குதல்

முன்னுரை

ஆய்வுக்கூடத்து அளவுகருவிகள் சிலவற்றின் பின்புறம் ஒன்பது முனைகள் கொண்ட சிறு வாயில் ஒன்று இருப்பதை மாணவர்கள் கண்டிருக்கலாம். கருவியைக் கணிப்பொறியுடன் இணைப்பதற்கு அமைந்தது அது. அக்கம்பி சில மீட்டர் தொலைவுக்கே பயன்படும். கருவி ஓரூரிலும் கணிப்பொறி வேறோர் ஊரிலும் இருந்தால் என்ன செய்வது? இவ்வினாவிற்குரிய விடையை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறேன்.

இருவகை இணைப்பு

ஒற்றையடிப் பாதையில் ஒருவர்பின் ஒருவராகச் செல்வதுபோல, பிட்டுகள் ஒரே கம்பியில் வரிசையாகச் செல்வது தொடர்நிலை இணைப்பு. எண்மர் தோளோடு தோள் சேர்ந்து நடப்பதுபோல, எட்டுக் கம்பிகளில் எட்டுப் பிட்டுகள் ஒருங்கே செல்வது இணைநிலை. முன்னதற்கு 1960-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆர்.எஸ்.-232 தரம் அடிப்படையாயிற்று. பின்னதற்கு 1970-இல் சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் தன் அச்சுப்பொறிக்கு அமைத்த இணைப்பு வழிகாட்டியது.

தொடர்நிலையில் ஓர் எழுத்தை அனுப்பப் பொதுவாகத் தொடக்கப் பிட்டு 1, செய்திப் பிட்டு 8, முடிவுப் பிட்டு 1 ஆகப் பத்துப் பிட்டுகள் வேண்டும். எனவே நொடிக்கு 9600 பிட்டு வேகத்தில் 960 எழுத்துகள் செல்லும்.

வலையமைப்பின் வழியே

கருவியின் அருகே ஒரு மாற்றி வைக்கப்படுகிறது. அது பிட்டுகளைத் திரட்டிச் சிறு பொட்டலங்களாக்கி வலையமைப்பில் அனுப்புகிறது. மறுமுனைக் கணிப்பொறியில் ஒரு செய்நிரல் போலி வாயில் ஒன்றைத் தோற்றுவிக்கிறது. மற்றச் செய்நிரல்கள் அதனை உண்மை வாயில் என்றே கொண்டு பணிபுரிகின்றன.

எழுத்துகள் மட்டும் சென்றால் போதாது. வேகத்தை மாற்றும் கட்டளையும், "தயார்", "பொறு" என்னும் சைகைகளும் செல்லவேண்டும். டெல்நெட் முறையில் இதற்கு வழிவகுத்தது 1997-இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 2217 என்னும் ஆவணம். இணைநிலை அச்சுப்பொறிக்கோ, அருகிலுள்ள மாற்றியே அச்சைகைகளைக் கவனித்துக்கொள்ளும். செய்தி மட்டுமே தொலைவிலிருந்து வரும்.

காலம் என்னும் இடர்

1979-இல் தோன்றிய மோட்பஸ் முறையின் ஒரு வகையில், செய்தி முடிந்தது என்பதற்கு எழுத்து ஏதுமில்லை. மூன்றரை எழுத்து நேர மௌனமே முற்றுப்புள்ளி. 9600 வேகத்தில் அது ஏறத்தாழ 4 மில்லிநொடி. பொட்டலங்களுக்கிடையே அதனினும் நீண்ட தாமதம் எளிதில் நேரும். அப்போது ஒரே செய்தி இரண்டாக உடைந்து பொருளிழக்கும். ஆதலின் மோட்பஸ் அறிந்த மாற்றி, செய்தி முழுவதையும் திரட்டி, அதன் நீளத்தையும் குறித்தே அனுப்புகிறது.

பூட்டில்லா வாயில்

பழைய தொடர்நிலை வாயிலுக்குக் கடவுச்சொல் இல்லை. கம்பியைத் தொட்டவரே தலைவர். அறையின் பூட்டே அதன் பூட்டு. வலையமைப்பில் இணைத்ததும் அப்பூட்டு பயனற்றுப் போகிறது.

2015 டிசம்பர் 23 அன்று உக்ரைன் நாட்டின் மின் வழங்கல் நிறுவனங்கள் தாக்கப்பட்டன. ஏறத்தாழ 2,25,000 நுகர்வோர் மின்சாரம் இழந்தனர். துணைமின் நிலையங்களிலிருந்த இத்தகைய மாற்றிகளின் உள்நிரலையே பகைவர் அழித்துவிட்டதால், தொலைவிலிருந்து கட்டளையிட இயலவில்லை. பணியாளர்கள் நேரில் சென்று கையால் இயக்கியே மின்சாரத்தை மீட்டனர்.

முடிவுரை

சிறு மாற்றிதானே என்று எண்ணுதல் தகாது. மறைகுறியாக்கிய வழி, வலிய கடவுச்சொல், கையால் இயக்கும் ஏற்பாடு ஆகிய மூன்றும் அமைந்த பின்னரே கருவியை வலையமைப்பில் இணைக்கவேண்டும் என்பது என் துணிபு.