ராத்திரிப் பால் எதுவரை?

“ஆறு மாசம் ஆயிடுச்சே, இன்னுமா ராத்திரியில பால் குடுக்கிற?” என்பார் என் நாத்தனார். அம்மாவோ, “அழுதா குடுடி, அதுக்கு என்ன கணக்கு?” என்பார். என் அனுபவத்தில் இருவர் சொல்வதும் பாதிதான் சரி.

பேறுகால விடுப்பு 26 வாரம். அதை முழுதும் பிரசவத்துக்குப் பிறகே எடுத்தேன். அதனால், மகளுக்கு ராகிக் கூழ் ஆரம்பித்த கையோடு வேலைக்கும் கிளம்ப வேண்டியதாயிற்று. பகலில் பாலாடையில் கொடுத்த பாலில் பாதியைத் துப்பிவிடுவாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கையைத் தூக்குவாள். அதற்குப் பிறகு ராத்திரி முழுக்க மடிதான். பகலில் விட்டதை இரவில் பிடித்துக்கொண்டாள். அது பழக்க தோஷம் இல்லை, நிஜப் பசி. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம் என்பதால், வேலைக்குப் போகும் அம்மா ராத்திரிப் பாலைச் சட்டென்று நிறுத்தினால் மொத்தச் சுரப்பே குறையலாம்.

ஆனால் எல்லாச் சிணுங்கலும் பசி இல்லை. இந்த வயதில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தூக்கம் கலைந்து புரள்வது சகஜம். நான் நம்பியது காதைத்தான். பசியென்றால் மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் விடாமல் கேட்கும். தூக்கத்துக்கு என்றால் நாலு இழுப்பு, பிறகு வெறும் சப்பல். அப்படிப்பட்ட வேளைகளில் மெதுவாக விலக்கி, முதுகில் தட்டிக்கொடுத்தேன். சில ராத்திரி அதுவும் பலிக்காது. கொடுத்துவிடுவேன், வேறென்ன செய்ய?

பகல் சாப்பாட்டைச் சரிசெய்ததும்தான் இரவு மாறியது. 6 முதல் 8 மாதம் வரை நாளுக்கு 2–3 வேளை, 9 மாதத்திலிருந்து 3–4 வேளை திட உணவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். தண்ணீராகக் கரைத்த கஞ்சியில் வயிறு நிறையும், சத்து சேராது. ஸ்பூனைச் சாய்த்தால் வழியாத பதத்தில் பருப்பு சாதத்தை நெய் விட்டுக் குழைத்தேன். மாலைப் பாலை டிவி, ஆள் சத்தம் இல்லாத அறையில் கொடுத்தேன்.

புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு இரவில் பெரும்பாலும் தேவைப்படாது. புட்டியை வாயில் வைத்தபடி தூங்கவிட்டால் பல் சொத்தையாகும். எடை ஏறாத குழந்தை, குறைமாதக் குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம்.

பத்தாவது மாதத்தில் எங்களுக்கு விடியற்காலைப் பால் மட்டும் மிஞ்சியது. அதை நான் நிறுத்தவில்லை. மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவதைவிட, அரை மணி முன்னால் எழுந்திருப்பதே எனக்கு வசதி.