நடுச்சுவர் புகையைத் தடுக்காது



ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக் கிராமங்களில் அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்ட ஓட்டு வீடுகள் உண்டு. வாடகைக்கு விட்ட லைன் வீடுகளும் உண்டு. அடுப்பு தனித்தனி, கூரையும் தாழ்வாரமும் ஒன்று. நடுச்சுவர் கூரை வரை எட்டாத வீட்டில், அந்தப் பக்கம் பற்றவைத்த பீடியின் புகை இந்தப் பக்கத் தூளிக்கு வந்துவிடும்.

யாருக்குக் கெடுதல்?

"நான் பிடிக்கிறேன், எனக்குத்தானே கெடுதல்?" என்று சிலர் கேட்பார்கள். அப்படியல்ல. கர்ப்பிணி இந்தப் புகையைச் சுவாசித்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கலாம். கைக்குழந்தைக்கு நிமோனியா, இழுப்பு, காது நோய் வரலாம். தூக்கத்திலேயே திடீரென்று இறந்துபோகும் ஆபத்தும் கூடுகிறது.

ஜப்பானில் புகைபிடிக்காத 91,540 மனைவியரை 14 ஆண்டுகள் கவனித்து, 1981-ல் டாக்டர் ஹிராயாமா முடிவை வெளியிட்டார். கணவர் அதிகம் புகைத்த வீடுகளில் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகமாக இருந்தது.

"சன்னலைத் திறந்து வச்சாப் போதாதா?" போதாது. காற்றும் விசிறியும் புகையைக் கலைக்கும். நஞ்சு முழுவதும் போகாது.

என்ன செய்யலாம்?

1. "நம்ம வீட்டுக்குள்ளேயும் தாழ்வாரத்திலேயும் பீடி, சிகரெட் கிடையாது" என்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். கணவர் பிடிப்பவரானால் அவரே முதலில் கடைப்பிடிக்கட்டும்.

2. மாமனாரிடம் சொல்ல மருமகள் தயங்குவாள். மகனே பணிவாகச் சொல்லட்டும்: "அப்பா, புள்ளைக்கு இழுப்பு வருது. தெருப்பக்கம் போய்ப் பிடிச்சிட்டு வாங்களேன்."

3. பக்கத்து வீட்டாரிடம் சண்டை வேண்டாம். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு. எல்லோரும் கூடி, வீடுகளுக்குத் தள்ளி ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. பிடித்துவிட்டு வந்தவர் கைகழுவி, வாய் கொப்பளித்து, சட்டை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்கவேண்டும்.

அடியோடு விடுவதே மேல். கிராம சுகாதார செவிலியரிடம் யோசனை கேளுங்கள். 1800-11-2356 என்ற எண்ணில் இலவசமாகவும் பேசலாம்.

பொது இடங்களில் புகைபிடிக்க 2-10-2008 முதல் நாடெங்கும் தடை உண்டு. அந்தச் சட்டம் உங்கள் வீட்டுக்குள் வராது. வீட்டுக்குச் சட்டம் நீங்கள் இருவரும்தான்.

ஒன்றோ இரண்டோ பெற்றோம். அவை நல்ல காற்றில் வளரட்டும்!