ஒரே லேன் சாக்கெட், நான்கு கருவிகள்

கேள்வி: காத்திவாக்கத்தில் எங்கள் வீடு. கீழே மாமனார், மாமியார், மாடியில் நாங்கள். ஃபைபர் மோடம் கீழ் ஹாலில் இருக்கிறது. வீடு கட்டும்போதே அங்கிருந்து சுவருக்குள் ஒரு லேன் வயர் இழுத்து மாடியில் ஒரு சாக்கெட் வைத்தோம். வைஃபை மாடிக்குச் சரியாக வருவதில்லை. கணவரின் லேப்டாப், மகளின் கம்ப்யூட்டர், டிவி, சிசிடிவி பெட்டி நான்கையும் அந்த ஒரே சாக்கெட்டில் இணைக்க வேண்டும். கடையில் இரண்டு வாய் உள்ள ஸ்ப்ளிட்டர் கொடுத்தார்கள். ஒன்றை மாட்டினால் வேலை செய்கிறது. இரண்டாவதையும் மாட்டினால் இரண்டுமே நின்றுபோகின்றன. சாக்கெட் பழுதா? இன்னொரு நெட் கனெக்‌ஷன் வாங்க வேண்டுமா?

– வாசகி, காத்திவாக்கம்

பதில்: சாக்கெட்டில் பழுதில்லை. இன்னொரு கனெக்‌ஷனும் வேண்டாம், மாதாமாதம் வீண் செலவு. உங்களுக்குத் தேவை ஐந்து போர்ட் உள்ள ஒரு ஸ்விட்ச். லைட் போடும் ஸ்விட்ச் இல்லை. கடையில் 'நெட்வொர்க் ஸ்விட்ச், கிகாபிட்' என்று கேளுங்கள். விலை ஆயிரம் ரூபாய் சுமாரில் இருக்கும். சுவர் சாக்கெட்டிலிருந்து ஒரு வயரை அதில் செருகினால் மீதி நான்கு போர்ட்டும் உங்கள் நான்கு கருவிகளுக்கு. மின்சாரம் கொடுத்தால் போதும், எந்த செட்டிங்கும் கிடையாது.

ஸ்ப்ளிட்டர் ஏன் கைவிட்டது? 1973-ல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட்டை உருவாக்கத் தொடங்கியபோது எல்லாக் கணினிகளும் ஒரே தடித்த கேபிளைப் பகிர்ந்துகொண்டன. ஒன்று அனுப்பும்போது மற்றவை காத்திருந்தன. இன்று நம் வீடுகளில் ஓடும் லேன் வயர் அப்படிப்பட்டதல்ல. அதன் ஒரு முனையில் ஒரு கருவி, மறுமுனையில் ஒரு கருவி, அவ்வளவுதான். ஸ்ப்ளிட்டர் கம்பிகளை வெறுமனே ஒட்டவைத்து இரண்டு கருவிகளை ஒரு முனையில் திணிக்கிறது. இரண்டின் சிக்னலும் கலந்து எதிர்முனைக்கு எதுவும் புரியாமல் போகிறது. எட்டுக் கம்பிகளை நான்கு நான்காகப் பிரிக்கும் நல்ல ஸ்ப்ளிட்டர்களும் உண்டு. ஆனால் அதே போல் ஒன்றை மோடம் பக்கமும் மாட்ட வேண்டும், வேகமும் 100 மெகாபிட்டைத் தாண்டாது. கிகாபிட் வேகத்துக்கு எட்டுக் கம்பியும் வேண்டும்.

ஸ்விட்ச் தெருவை அறிந்த தபால்காரரைப் போல. எந்தப் போர்ட்டில் எந்தக் கருவி இருக்கிறது என்று தானே தெரிந்துகொண்டு, டிவிக்கு வந்ததை டிவிக்கு மட்டும் கொடுக்கும். நான்கு கருவி மாட்டினால் வேகம் நான்கில் ஒரு பங்காகக் குறையுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. எல்லாம் ஒரே சமயத்தில் கேட்டால் மட்டுமே வேகம் பங்காகும். ஹெச்டி படம் ஓட ஏறத்தாழ 5 மெகாபிட் போதும். 100 மெகாபிட் பிளானில் உங்கள் மகள் பாடம் கேட்கும்போது கணவர் மீட்டிங்கில் இருக்கலாம், டிவியும் ஓடலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நான் சொன்னது கீழே உள்ள மோடமே ரவுட்டராகவும் வேலை செய்தால் பொருந்தும். உங்கள் வீட்டில் வைஃபை கொடுக்கிறது என்பதால் அப்படித்தான் இருக்க வேண்டும். சில வீடுகளில் கேபிள்காரர் தெருக்கம்பத்திலிருந்து லேன் வயரை நேராக வீட்டுக்குள் விட்டிருப்பார். அங்கே பெரும்பாலும் ஒரு இணைய (ஐபி) முகவரிதான் கிடைக்கும். ஸ்விட்ச் போட்டாலும் ஒரு கருவிக்குத்தான் நெட் வரும். அந்த வீடுகளுக்கு முதலில் ரவுட்டர் வேண்டும். அந்த ஒரே முகவரியை எல்லாக் கருவிகளுக்கும் பகிர்ந்து கொடுப்பது அதுதான்.

வீட்டில் பழைய வைஃபை ரவுட்டர் சும்மா கிடந்தால் ஸ்விட்ச்கூட வாங்க வேண்டாம். அதில் கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி என்ற வசதியை அணைத்து, அதன் முகவரியை மோடத்தின் முகவரியோடு மோதாதபடி மாற்றிவிட்டு, சுவர் வயரை அதன் 'வான்' போர்ட்டில் அல்ல, 'லேன்' போர்ட்டில் செருகுங்கள். மாடிக்கு வைஃபையும் கிடைத்துவிடும். மீதி லேன் போர்ட்டுகள் நான்கு கருவிக்குப் போதாவிட்டால் லேப்டாப்பை அந்த வைஃபையில் இணைத்துக்கொள்ளலாம். டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் இரண்டு பெட்டிகள் போட்டி போட்டு முகவரி கொடுக்கும். கீழே மாமனாரின் ஃபோனிலும் நெட் விட்டுவிட்டு வரும். எதில் செய்தாலும் ஒரே வயரின் இரு முனையையும் ஒரே ஸ்விட்சில் செருகிவிடாதீர்கள். தகவல் சுற்றிச் சுற்றி ஓடி வீடு முழுக்க நெட் நின்றுபோகும்.

உங்கள் ஊருக்கென்று நான் அக்கறையோடு சொல்ல வேண்டியது வயரைப் பற்றி. கடலை ஒட்டிய காத்திவாக்கத்தில் உப்புக்காற்று எந்தச் செம்பையும் விட்டுவைக்காது. சாக்கெட்டின் மெல்லிய ஊசிகளில் பச்சை பூத்து ஒரு ஜோடிக் கம்பி தொடர்பு இழந்தால், நெட் முழுதாக நிற்காமலும் போகலாம். கிகாபிட் ஓடிய இடத்தில் சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடலாம். பல ஸ்விட்சுகளில் போர்ட் விளக்கின் நிறமே அந்த வேகத்தைக் காட்டிவிடும். அதைப் பார்க்காமல் கம்பெனிக்காரரோடு சண்டை போடுபவர்கள் ஏராளம். மலிவான வயர்களில் அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியிருப்பார்கள். பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். அது சீக்கிரம் அரிக்கும், முறியும். முழுச் செம்பு கேட்-6 வாங்குங்கள். மொட்டை மாடி வழியாகப் போகும் வயர் வெயில் தாங்கும் கறுப்பு உறையோடு இருக்கட்டும். கரண்ட் வயர் ஓடும் அதே பைப்பில் லேன் வயரை விடாதீர்கள். பயன்படாத போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கத்து வீடுகளில் வெள்ளத்தோடு எண்ணெயும் புகுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கீழ்த்தள மோடம் தரையை ஒட்டி இருந்தால் அன்று தண்ணீர் நின்ற மட்டத்துக்கு மேலே ஏற்றி வையுங்கள். மோடத்துக்கும் ஸ்விட்சுக்கும் ஒவ்வொரு சிறிய பேட்டரி யுபிஎஸ் வைத்தால் கரண்ட் போனாலும் நெட் நிற்காது. மழைக்காலத்துக்கு முன்பே சுவர் வயரை மாற்றுகிறீர்களென்றால், அதே குழாயில் இரண்டு வயராக இழுத்துவிடுங்கள். ஒன்று அரித்துப்போனாலும் மற்றொன்று கைவசம் இருக்கும்.