சிங்களத்தில் நம் பெயரைச் சொல்வோம்



இரண்டாம் மொழிச் சிங்களத்தைத் தொகுதிப் பாடமாக எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் இப்பகுதியைப் படியுங்கள். வலப்பனையிலோ இராகலையிலோ ஒரு கந்தோருக்குப் போனால் முதலில் கேட்கப்படுவது உங்கள் பெயர்தான். 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் ஓர் அரசகரும மொழி. தமிழிலேயே பதில் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆயினும் எதிரில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாதபோது, பெயரையாவது அவருக்கு விளங்கும்படி சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: ஒயாகே நம மொகக்த? (உங்கள் பெயர் என்ன?)
விடை: மகே நம குமார். (என் பெயர் குமார்.)

"மம" என்றால் நான். "மகே" என்றால் என்னுடைய. "நம" என்றால் பெயர். இதில் வரும் "கே" நமது "உடைய" போன்றது. "தங்கம்" என்பதில் உள்ள க போல ஒலிக்க வேண்டும். பேச்சில் வினைச்சொல் தேவையில்லை. எழுத்து நடையில் "மாகே நம குமார் வே" என்று முடிப்பர். சிலர் "மம நம குமார்" என்கிறார்கள். அது "நான் பெயர் குமார்" என்பது போலாகும்.

"ஒயா" சம வயதினருக்கு உரியது. பெரியவர்களிடம் அதைத் தவிர்த்து, முறைப்பெயரோடு "கே" சேருங்கள்: "அக்காகே நம மொகக்த?", "சேர்கே நம மொகக்த?" நாமும் "அக்கா பேரு என்ன?" என்றுதானே கேட்கிறோம்!

கவனிக்க: "தாத்தாகே நம மொகக்த?" என்று கேட்டால் பாட்டனாரின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். சிங்களத்தில் "தாத்தா" என்பது அப்பா. பாட்டனார் "சீயா".

படிவங்களில் "சம்பூர்ண நம" என்பது முழுப்பெயர். "முலகுரு" என்பது முதலெழுத்துகள். "வாசகம" என்பது குடும்பப் பெயர். இதில்தான் நம்மவர் தடுமாறுகிறார்கள். போலந்து மொழியிலும் சொந்தப் பெயருக்கு "இம்யெ", குடும்பப் பெயருக்கு "நஸ்விஸ்கோ" எனத் தனித்தனிச் சொற்கள் உண்டு. நம்மில் பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னால் வரும் எழுத்து அப்பாவின் பெயருடையது. எனவே ஊகித்துச் சொல்லாமல், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் உள்ளபடியே சொல்லுங்கள்.

இனி எழுத்து. தமிழில் கணேசனுக்கும் கண்ணனுக்கும் ஒரே "க"தான். சிங்களத்தில் அந்த இரண்டு ஒலிகளுக்கும் வெவ்வேறு எழுத்துகள். "பாலன்", "பழனி" என்பவற்றின் முதலெழுத்துகளும் அப்படியே. தமிழ் எழுத்தை மட்டும் பார்த்து ஒருவர் மாற்றி எழுதினால் கணேசன் வேறொரு பெயராகிவிடுவார். (இந்த வேறுபாட்டைத் தமிழ் எழுத்தால் இங்கே காட்ட முடியாது, சிங்கள ஆசிரியரிடம் எழுதிக் கேளுங்கள்.) பரீட்சைக்குத் தேசிய அடையாள அட்டை வேண்டும். அதில் ஒரு பெயரும் பிறப்புப் பத்திரத்தில் இன்னொரு பெயருமாக இருந்தால், பின்னர் சத்தியக்கடதாசிக்காக அலைவது நீங்களும், ஒரு நாள் சம்பளத்தை இழக்கும் உங்கள் பெற்றோரும்தான்.

பயிற்சி
1. உங்கள் முழுப்பெயரையும் அப்பாவின் பெயரையும் சிங்கள எழுத்தில் எழுதி, பிறப்புப் பத்திரத்துடன் ஒப்பிடுக.
2. "மம இன்னே வலபனே" (நான் வலப்பனையில் இருக்கிறேன்) என்பதைச் சேர்த்து, உங்களை இரண்டு வாக்கியங்களில் அறிமுகம் செய்க.
3. "சீயாகே நம மொகக்த?" இதற்கு விடை தருக.